குட்டிப் பூ காட்டு ஆர்க்கிட்: 7 வருஷத்துல எது கை கொடுத்துச்சு, எது கை விட்டுச்சு

7 வருஷமா சின்னப் பூ பூக்கிற காட்டு ஆர்க்கிட் வகைங்க மட்டும்தான் வளர்க்கிறேன். ஹைப்ரிட் எதுவும் இல்ல. ஒபரோனியா, பல்போஃபில்லம், எரியா, லிபாரிஸ், பாலிஸ்டாகியா, அப்புறம் கொஞ்சம் ஸ்டெலிஸ், பிளாட்டிஸ்டீல். என்கிட்ட இருக்கிறதுலயே பெரிய பூ ஒரு செண்டிமீட்டர் வராது, பிளாட்டிஸ்டீல் எல்லாம் 2, 3 மில்லிமீட்டர்தான். இத்தனை வருஷம் வாங்கின சாமான்ல எது உழைச்சது, எது குப்பைக்குப் போச்சுன்னு ஒரு இடத்துல எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

மொதல்ல லூப். பத்து மடங்கு பெரிசா காட்டுற, மடிச்சு பாக்கெட்ல போட்டுக்கிற சின்ன லென்ஸ். நான் வாங்கினதுலயே இதுக்குதான் முழு மார்க் குடுப்பேன், 7 வருஷமா அதே லூப்தான், கீறல் கூட இல்ல. ஆனா பிடிக்கிற விதம் தெரியணும். நிறைய பேர் பூவுக்குப் பக்கத்துல லென்ஸை நீட்டிப் பிடிச்சுட்டு தூரத்துல இருந்து பாக்குறாங்க, அப்படிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. லென்ஸை கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு பூவைத்தான் கிட்ட கொண்டு வரணும், சுமார் ரெண்டரை செண்டிமீட்டர்ல பளிச்சுன்னு வந்து நிக்கும். இருபது மடங்கு லென்ஸும் ஒண்ணு வாங்கினேன், கை லேசா ஆடினாலே பூ காணாம போயிடுது, தெரியுற வட்டமும் ரொம்ப சின்னது. அது டப்பாக்குள்ளயே கிடக்கு.

இந்த லூப் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னு சொல்றேன். ஆரம்பத்துல ஒரு நர்சரில இருந்து வந்த செடில "டென்ட்ரோபியம்"னு லேபிள் இருந்துச்சு. சரின்னு நானும் நம்பி, இலை உதிர்க்கிற டென்ட்ரோபியத்துக்கு செய்யுற மாதிரி, வளர்ச்சி முடிஞ்சதும் தண்ணிய நிறுத்தி ரெண்டு மூணு மாசம் காய விட்டேன். மொத வருஷம் தண்டு சுருங்குச்சு. அடுத்த வருஷம் இன்னும் சுருங்குச்சு, புதுசா வந்த தண்டு பழசுல பாதி கூட இல்ல. மூணாவது வருஷம் எப்படியோ ஒரு கதிர் விட்டு வெளிர் மஞ்சள்ல ஏழெட்டுப் பூ பூத்துச்சு. ஒரு பூவ கிள்ளி, வெள்ளைத் தாள்ல வச்சு, பூ நடுவுல இருக்குற தூண் நுனில இருந்த மூடிய ஊசி முனையால மெதுவா தூக்கிப் பாத்தேன். உள்ள மஞ்சளா, மெழுகு மாதிரி, மகரந்தக் கட்டிங்க ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எண்ணினா எட்டு. டென்ட்ரோபியம்னா நாலுதான் இருக்கணும். எட்டுன்னா எரியா கூட்டம். மூச்சு விட்டா பறந்துடும்னு அடக்கிக்கிட்டு திரும்பத் திரும்ப எண்ணினது இன்னும் ஞாபகம் இருக்கு.

அன்னைக்கே காய விடுறத நிறுத்திட்டேன். வருஷம் முழுக்க லேசான ஈரம் குடுத்தேன், அடுத்த சீசன்ல வந்த தண்டு நல்லா கொழுகொழுன்னு வந்துச்சு. ரெண்டு வருஷம் அந்தச் செடி பட்ட கஷ்டம் ஒரு தப்பு லேபிளால. அதனால பேர் கண்டுபிடிக்கிறதும் வளர்க்கிறதும் எனக்கு வேற வேற வேலையா தெரியல, பேர் தப்புன்னா தண்ணி தப்பு, தண்ணி தப்புன்னா செடி போச்சு.

பூ வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, வளர்ற விதத்தப் பாத்தே பாதி சொல்லிடலாம். இலை தட்டையா, பக்கவாட்டுல அமுக்கின மாதிரி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி விசிறி போல விரிஞ்சா ஒபரோனியாவா இருக்க ரொம்ப வாய்ப்பு. ஓடுற தண்டு மேல இடம் விட்டு இடம் விட்டு சின்ன சின்ன குமிழ், ஒவ்வொரு குமிழ் தலைலயும் பெரும்பாலும் ஒரே இலை, பூக்காம்பு குமிழ் உச்சில இருந்து வராம அடில இருந்து வருதுன்னா பல்போஃபில்லம். அதுல பூ பூத்தா லேசா ஊதிப் பாருங்க, உதடு (மத்த இதழ்ங்கள்ல இருந்து வேற மாதிரி இருக்குற ஒரு இதழ்) கீல் போட்ட மாதிரி ஆடும், நிறைய வகைல ஈ வந்து உக்காந்ததும் அந்த உதடுதான் அதைத் தூண் பக்கமா சாய்ச்சு விடுது. குமிழே இல்லாம மெல்லிசா ஒரு காம்பு, நுனில ஒரு இலை, கொத்து கொத்தா வளர்றதுன்னா ஸ்டெலிஸ், ப்ளூரோதாலிஸ் பக்கம் தேடணும்.

லிபாரிஸும் மலாக்ஸிஸும்தான் எனக்கு ரொம்ப நாள் குழப்பம், இலை ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். லிபாரிஸ்ல உதடு பொதுவா கீழ இருக்கும், தூண் நீளமா வளைஞ்சு நிக்கும். மலாக்ஸிஸ்ல உதடு மேல பாத்து இருக்கும், தூண் குட்டையா இருக்கும். பெரும்பாலான ஆர்க்கிட் மொட்டுலயே அரை வட்டம் திரும்பிதான் உதட்டைக் கீழ கொண்டு வருது, பூக்காம்பு முறுக்கி இருக்கான்னு லூப்ல பாத்தா தெரியும். பாலிஸ்டாகியா திரும்பாது, அதனால அதுலயும் உதடு மேலதான். போட்டோ எடுத்தா பேர் சொல்ற ஆப் ரெண்டு மூணு போட்டுப் பாத்தேன், பெரிய பூவுக்கு பரவால்ல, 2 மில்லிமீட்டர் பூவுக்கு நான் கேட்ட ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர் சொல்லுச்சு. நம்பி லேபிள் எழுதாதீங்க.

கிராஃப் பேப்பர் கட்டாயம் வச்சுக்கோங்க. பூவை அதுமேல வச்சு முன்பக்கம், பக்கவாட்டு, உதடு தனியா, தூண் தனியான்னு போட்டோ எடுத்து வச்சா பல வருஷம் கழிச்சும் அளவு பாக்கலாம். மிச்சப் பூவை 70 சதவீத ஆல்கஹால்ல ரெண்டு சொட்டு கிளிசரின் விட்டு சின்ன பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன், வடிவம் அப்படியே இருக்கு, நிறம்தான் சில நாள்லயே போயிடும், அதனால போட்டோ மொதல்ல. லேபிள் பென்சில்ல எழுதுங்க. மார்க்கர் மை வெயில்ல ரெண்டு வருஷத்துல வெளுத்து, பேர் இல்லாத செடி எனக்கு மூணு ஆயிருக்கு, பென்சில்ல எழுதினது 7 வருஷமா அப்படியே இருக்கு.

இனி வளர்க்கிற சாமான். இந்தச் செடிங்கள மண்ணுல நடாம பட்டைல கட்டித்தான் வளர்க்கிறேன், அதுக்கு கார்க் பட்டைக்குத்தான் என் ஓட்டு. மொத வருஷம் கட்டின பட்டைங்க இன்னும் கெட்டியா இருக்கு, வேர் அதோட பள்ளத்துல நல்லா ஓடிப் பிடிச்சிருக்கு. தேங்கா மட்டைல கட்டினது மொத வருஷம் அருமையா இருந்துச்சு, அப்புறம் ஊறி ஊறி உள்ள கொழகொழன்னு ஆகி வேர் கருத்துச்சு, விட்டுட்டேன். ஸ்பேக்னம் பாசி வேருக்கு அடில மெல்லிசா ஒரு விரல் அகலத்துக்கு வச்சா போதும், தலைகாணி மாதிரி அடைச்சா அழுகும், ஒண்ணரை ரெண்டு வருஷத்துல அது மக்கிடும்ங்கறதயும் கணக்குல வச்சுக்கணும். கட்டுறதுக்கு தங்கூசி நரம்பு. செப்புக் கம்பி வேண்டவே வேண்டாம், செம்பு வேருக்கு விஷம்.

தண்ணி மழைத்தண்ணிதான். உப்புத் தண்ணி ஊத்தின காலத்துல ஸ்டெலிஸ் இலை நுனி எல்லாம் பழுப்பா கருகி இருந்துச்சு, மாத்தினதுக்கு அப்புறம் வந்த இலைல அது இல்ல. எப்ப ஊத்தணும்னு வேரே சொல்லும், காய்ஞ்சிருந்தா வெள்ளி நிறம், நனைஞ்சா பச்சை. உரம் பாக்கெட்ல போட்டிருக்கறதுல கால் பங்குக்கு மேல நான் போறதில்ல.

எனக்கு விழுந்த பெரிய அடி கண்ணாடிப் பெட்டில. ஈரப்பதம் 90 சதவீதம் இருக்கேன்னு சந்தோஷப்பட்டு மூடியே வச்சிருந்தேன், ஒரே வாரத்துல நாலு ஸ்டெலிஸ் அடில இருந்து கருத்து கையோட வந்துடுச்சு. காத்து நகரவே இல்ல. இப்ப உள்ள சின்ன ஃபேன் ஒண்ணு நாள் முழுக்க ஓடுது, ஈரப்பதம் 70, 75தான் இருக்கு, ஒரு செடி கூட அப்படி போகல. கம்ப்யூட்டருக்குள்ள போடுற ஃபேன்தான், 4 வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு.

குட்டி நத்தைங்கள விட்டுட்டேனே. மிளகு அளவுதான் இருக்கும், ராத்திரி வந்து பச்சையா வளர்ற வேர் நுனிய மட்டும் தின்னுட்டுப் போயிடும், செடி ஏன் வளரலன்னு நம்ம தலைய சொறிஞ்சுக்கிட்டு இருப்போம். உருளைக்கிழங்கு துண்டு ஒண்ணு பாசி மேல வச்சுட்டு ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, அடில ஒட்டி இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள், மரத்துல இருந்து பிச்சு எடுக்காதீங்க. ஆர்க்கிட் மரத்தோட சாற உறிஞ்சுற செடி இல்ல, மரத்துக்கு அதால கெடுதல் கிடையாது. அதோட விதை தூசி மாதிரி, உள்ள சேமிச்ச உணவு கிட்டத்தட்ட இல்லவே இல்ல, காட்டுல சரியான பூஞ்சை கிடைச்சாத்தான் முளைக்கும், அதனால ஒரு செடி போனா இன்னொண்ணு வர்றதுக்கு எத்தனையோ வருஷம். பூஞ்சை இல்லாமலே சர்க்கரை ஜெல்ல விதை முளைக்க வைக்கலாம்னு 1922லயே லூயிஸ் நட்ஸன் காட்டிட்டார், இன்னைக்கு நிறைய வகை அப்படி பாட்டில்ல முளைச்சு வர்றது கிடைக்குது. நாடு விட்டு நாடு வரவழைக்கிறதுன்னா ஆர்க்கிட் குடும்பம் முழுக்க சைட்டீஸ் (அழியுற ஆபத்துல இருக்குற உயிர்ங்களோட வணிகத்தக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, அனுமதிப் பேப்பர் இல்லாம வாங்காதீங்க.

இப்ப ஒரு ஒபரோனியா கதிர் விட்டிருக்கு, ரெண்டாவது தடவையா. 6 செண்டிமீட்டர் நீளம், எலி வால் மாதிரி தொங்குது. இந்தக் கூட்டத்துல நிறைய வகைல பூ நுனில இருந்து மேல் நோக்கி விரிஞ்சுக்கிட்டு வரும், இதுலயும் நுனில மட்டும் ஒரு வளையம் விரிஞ்சிருக்கு, ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம், ஒவ்வொரு பூவும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. உதட்டு ஓரம் பல் பல்லா இருக்கா, நேரா இருக்கான்னு போன தடவை பாக்கத் தவறிட்டேன். நாளைக்குக் காலைல வெளிச்சம் வந்ததும் கிராஃப் பேப்பரோட உக்காரணும்.