இலங்கைக்கு ஈ.டி.ஏ.: நாமே விண்ணப்பிப்பதா, ஏஜென்டிடம் கொடுப்பதா?

சென்னையில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு வந்துவிடும். ஆனால், 2012 ஜனவரியில் இலங்கை கொண்டுவந்த ஈ.டி.ஏ. என்னும் மின்னணுப் பயண அனுமதியை எந்த வழியில் வாங்குவது என்று கேட்டு என்னிடம் வருபவர்கள் இன்றும் குறையவில்லை.

இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையதளத்தில் நாமே விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் மட்டுமே செலவாகும். படிவம் சிறியது, சிக்கல் பெயரில்தான் வருகிறது. இன்ஷியல் போட்டுப் பழகிய நமக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சாதாரணம் என்பதால், தகப்பனார் பெயரை எங்கே எழுதுவது என்று பலர் குழம்புகிறார்கள். புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள்: முதல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்துக் குடும்பப்பெயரும், இரண்டு அம்புக்குறிகளுக்குப் பின் சொந்தப் பெயரும் வரும். பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. ஆகவே முதல் எழுத்துக்குப் பின் வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யமே.

கட்டணம் செலுத்துமிடத்தில் இன்னொரு தடை உண்டு. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்ட பிறகே படிவத்தில் உட்கார வேண்டும்.

கார்டு இல்லாத பெரியவர்களுக்கு மண்ணடியிலோ தி.நகரிலோ தெரிந்த ஏஜென்ட் இருந்தால், சேவைக் கட்டணம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஏஜென்டுகள் சிலர் தங்கள் மின்னஞ்சலையே படிவத்தில் போட்டுவிடுவதால், அனுமதிக் கடிதம் அவர்களிடமே தங்கிவிடுகிறது. நம் மின்னஞ்சலைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் அத்தை, கொழும்பில் ஒரு கல்யாணத்துக்காகக் கைப்பேசியில் தேடி, முதலில் வந்த விளம்பரத்தைத் தொட்டுவிட்டார். கொடியும் சின்னமும் இருந்ததால் அரசுத் தளம் என்றே நம்பி, அரசுக் கட்டணத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் கட்டினார். அந்தப் படிவத்தில் மாதம் முதலிலும் தேதி பிறகும் இருந்ததைக் கவனிக்காததால், பிறந்த தேதி மாறிப்போயிற்று. புறப்படுவதற்கு முந்தைய இரவு, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் கடிதத்தைப் படித்தபோதுதான் அது தெரிந்தது. நடுநிசியில் நான் அரசுத் தளத்தில் புதிதாக விண்ணப்பித்து, மறுபடியும் பணம் கட்டினேன். அதிகாலையில் அனுமதி வரும்வரை அவர் உறங்கவில்லை.

மலேசியாவும் தாய்லாந்தும் கேட்கும் மின்னணு வருகை அட்டைகள் வேறு வகை. அரசுத் தளங்களில் அவை முற்றிலும் இலவசம். பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும்.

இலங்கைக்கு ஒரு வாரம் முன்னதாகவே விண்ணப்பித்து, கடிதம் வந்ததும் அச்செடுத்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். போய் இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.