குறிப்பு ஆப்கள்: கொலுசுப் பட்டறைக்கு எது, காபித் தோட்டத்துக்கு எது?

குறிப்பு எழுத எந்த ஆப் நல்லது என்று கேட்டால், சேலம் டவுனில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கும் நாகலூர் பக்கம் காபித் தோட்டம் பார்ப்பவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஏற்காடு மலையில் ஒரு வளைவில் சிக்னல் முழுசாக இருக்கும், அடுத்த வளைவில் சுத்தமாகப் போய்விடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: நெட் இல்லாமல் எழுத முடிகிறதா? நாளைக்கு வேறு ஆப்புக்குப் போனால் எழுதியதையெல்லாம் வெளியே எடுக்க முடிகிறதா? அழகான டெம்ப்ளேட்டெல்லாம் அதற்குப் பிறகு.

பட்டறைக்கு கூகுள் கீப் போதும். செவ்வாப்பேட்டையில் கூலி வேலைக்கு வெள்ளி கொடுக்கும்போது தராசு காட்டும் எடையைப் போட்டோ எடுத்து, கீழே ஆள் பெயர், கிராம், டச் (வெள்ளியின் தரம்) மூன்றையும் அடித்து, லேபிள் போட்டால் வேலை முடிந்தது. போன் ஆப் நெட் இல்லாமலும் எழுத விடும். நெட் வந்ததும் தானே ஏற்றிக்கொள்ளும். ஆனால் ஒரு குறிப்பில் ஏறத்தாழ 20,000 எழுத்துக்குமேல் கொள்ளாது. தமிழில் எழுத்தோடு ஒட்டும் உயிர்க்குறியும் தனிக் கணக்கு: ‘கொலுசு’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஆறு. வருஷக் கணக்கை ஒரே குறிப்பில் நீட்டாமல் மாதம் ஒன்று தொடங்குங்கள். அழித்த குறிப்பு குப்பைத்தொட்டியில் 7 நாள்தான் இருக்கும். தனிக் குறிப்புக்குப் பூட்டும் கிடையாது; கை மாறும் பட்டறை போனில் பார்ட்டி பாக்கியை இதில் எழுதுவது நல்லதல்ல.

பூட்டு வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் ஒன்நோட். நோட்டுப் புத்தகம், அதற்குள் பிரிவு, அதற்குள் பக்கம் என்று போகும். பிரிவுக்குப் பாஸ்வேர்டு போடலாம். மறந்தால் மைக்ரோசாஃப்டே திறந்து தர முடியாது. இலவச ஒன்டிரைவ் இடம் 5 ஜிபி, அதில் போட்டோக்கள்தான் இடத்தைத் தின்னும். மலை ஏறுமுன் தேவையான பக்கங்களைக் கீழேயே ஒருமுறை திறந்துவிடுங்கள். போனில் இறங்காத பக்கம் மேலே போனபின் வராது.

தோட்டத்துக்கு எங்கள் தேர்வு அப்சிடியன். எழுதுவது எல்லாம் போனிலேயே சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக உட்கார்ந்திருக்கும். நாளைக்கு இந்த ஆப்பே இல்லாமல் போனாலும் எந்த எடிட்டரிலும் திறக்கலாம். காலை 8.30 மழை அளவு, எந்த பிளாக்கில் எத்தனை கிலோ பழம், மிளகுக் கொடிக்கு போர்டோ கலவை (பூஞ்சாண மருந்து) அடித்த தேதி என்று நாளுக்கு ஒரு ஃபைல் வைத்தால் போதும். தேடும்போது ‘மிளகு’ என்று முழுசாக அடித்தால் ‘மிளகை’ சிக்காது, ஏனென்றால் உகரம் அங்கே ஐகாரமாகிவிடுகிறது. ‘மிளக’ என்று நிறுத்தினால் இரண்டும் வரும்.

சிக்கல் வருவது இரண்டு போனுக்கு ஒத்திசைக்கும்போது. அப்சிடியனின் சொந்த சிங்க் (ஒத்திசைவு) சேவைக்கு மாதச் சந்தா உண்டு. காசு தராமல், ஃபைல்களை ஒத்திசைக்கும் சிங்திங் என்ற இலவச ஆப் வைத்துச் செய்யலாம். ஆனால் ரைட்டரும் (தோட்டக் கணக்கு எழுதுபவர்) முதலாளியும் சிக்னல் இல்லாத நேரத்தில் ஒரே ஃபைலைத் திருத்தினால், பெயரில் ‘சிங்க் கான்ஃப்ளிக்ட்’ என்று ஒட்டிய இன்னொரு நகல் முளைக்கும். அதைப் பார்க்காமல் விட்டால் ஒருவர் எழுதிய கிலோ கணக்கில் வராமல் போகும். ஆளுக்கு ஒரு ஃபைல் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

எவர்நோட் இலவசத் திட்டம் 2023 கடைசியிலிருந்து 50 குறிப்பு, ஒரு நோட்டுப் புத்தகம் என்று சுருங்கிவிட்டது. புதிதாகத் தொடங்குபவருக்கு வேண்டாம். ஏற்கெனவே அதில் இருப்பவர்கள் குறிப்புகளை இனெக்ஸ் (.enex) ஃபைலாக எடுத்து ஜாப்ளின் என்ற குறிப்பு ஆப்பில் ஏற்றலாம், அது இலவசம். நோஷன் என்ற ஆப் ஆபீஸ் குழுவுக்கு அருமை. இலவசத் திட்டத்தில் ஒரு ஃபைல் 5 எம்பிக்குமேல் ஏறாது என்பதால், போனில் எடுத்த பெரிய போட்டோ பல நேரம் திரும்பி வரும்.

இவை எதுவும் கணக்குப் புத்தகத்துக்கென்று செய்த ஆப் அல்ல. கூலியும் சேதாரமும் ஷீட்டில் இருக்கட்டும்; எடைப் போட்டோவும் பேசிய பேச்சும் குறிப்பில் இருக்கட்டும். கீப் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கூகுள் டேக்அவுட்டில் (கூகுளில் இருக்கும் நம் தரவை இறக்கித் தரும் பக்கம்) கீப்பை மட்டும் டிக் செய்து இறக்கி, அந்த ஜிப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள்.