வெள்ளியா, விமானமா? சேலத்து மொட்டை மாடியில் கண், பஞ்சாங்கம், செயலி, பைனாகுலர்

சேலத்தில் கன்னங்குறிச்சி, கோரிமேடு பக்கம் குடியிருப்பவர்களின் கண்ணில் மூன்று வகை வெளிச்சம் அடிக்கடி படும். ஒன்று, பொழுது சாய்ந்ததும் கஞ்சமலைப் பக்கம் அசையாமல் நிற்கும் பெரிய வெள்ளை ஒளி. இரண்டாவது, சத்தமே இல்லாமல் தலைக்கு மேல் நகர்ந்து போய் நடுவானில் மறைந்துவிடும் புள்ளி. மூன்றாவது, சேர்வராயன் மலை இருக்கும் திசையில் அந்தரத்தில் தோன்றி, அணைந்து, மறுபடி எரியும் மஞ்சள் வெளிச்சம். இவற்றை அடையாளம் காண வெறுங்கண், பஞ்சாங்கம், கைபேசிச் செயலி, பைனாகுலர் என்று நான்கு வழிகள் உண்டு. எது மேல் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்த மூன்று வெளிச்சங்களையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வெறுங்கண்ணைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அதற்குத் தேவை ஐந்து நிமிடப் பொறுமையும் ஒரு மின்கம்பமும்தான். ஒளியைக் கம்பத்தின் விளிம்போடு சேர்த்துப் பாருங்கள். பூமி சுழல்வதால் பெரும்பாலான வானத்துப் பொருள்கள் நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை மேற்கே நகரும். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் சுமார் ஒரு பாகை, மூடிய கைமுட்டி சுமார் பத்துப் பாகை. அந்த வேகத்தில் நகர்ந்தால் அது கோள் அல்லது நட்சத்திரம். கம்பம் ஏன் அவசியம் என்றால், இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால், அது நிற்கும்போதே அசைவதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றும். ‘ஆடிக்கொண்டே இருந்தது’ என்று சொல்லப்படும் மர்ம ஒளிகளில் இது நிறையவே கலந்திருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் இறங்கும்போது வெள்ளி காரோடு கூடவே வருவதுபோலவும், கொண்டை ஊசி வளைவில் திடீரென்று மறுபக்கம் தாவுவதுபோலவும் தெரியும். திரும்பியது கார்தான்.

‘மின்னினால் நட்சத்திரம், மின்னாவிட்டால் கோள்’ என்ற பள்ளிக்கூடப் பாடம் பெரும்பாலும் சரி. நட்சத்திரம் வெறும் புள்ளி என்பதால் காற்றின் அலைச்சலில் அதன் ஒளி துடிக்கிறது. கோளுக்குச் சிறு வட்டம் இருப்பதால் அந்தத் துடிப்பு சமனாகிவிடுகிறது. ஆனால் அடிவானத்துக்குப் பக்கத்தில், பகல் வெயிலில் சூடேறிய சமவெளிக் காற்றின் வழியாகப் பார்த்தால் வெள்ளியே மின்னும். கிழக்கில் உதிக்கும் சிரியஸ் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தெறிக்கும். அகத்திய நட்சத்திரம் சேலத்திலிருந்து பார்க்கும்போது தெற்கே 26 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை. இரண்டரைக் கைமுட்டி உயரம்தான். அதனால் அதுவும் நிறைய மின்னும். ட்ரோன் என்று இவற்றைப் பார்த்துப் பயப்படுவதில் வியப்பில்லை.

அடுத்தது பஞ்சாங்கம். கல்யாணத் தேதி பார்க்க எடுத்துவிட்டு மறுபடி பரணில் போடும் அந்தப் புத்தகத்தில் வானத்தின் வரைபடமே இருக்கிறது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு, காரணமும் உண்டு. தமிழ் மாதம் எதுவோ, சூரியன் அந்த ராசியில் இருக்கிறது: சித்திரை என்றால் மேஷம், மார்கழி என்றால் தனுசு. ராசிக் கட்டத்தில் சூரியனிலிருந்து வலஞ்சுழியாக எண்ணுங்கள். அடுத்த ராசியில் உள்ள கோள் மாலையில் சூரியனுக்குப் பின் மேற்கே தெரிந்து மறையும். முந்தைய ராசியில் இருந்தால் விடியலுக்கு முன் கிழக்கே எழும். ஏழாம் ராசியில் இருந்தால் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிக் கிழக்கில் தோன்றி, இரவு முழுக்க நிற்கும். 2025 டிசம்பரில் பிறந்த மார்கழியில் குரு மிதுனத்தில் இருந்தது. தனுசுக்கு ஏழாவது மிதுனம். 2026 ஜனவரி 10 அன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்து, நள்ளிரவில் சேலத்தின் தலைக்கு மேலேயே நின்றது.

வெள்ளியா வியாழனா என்ற பழைய குழப்பமும் இதே கட்டத்தில் தீரும். சுக்கிரன் சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. கட்டத்தில் பார்த்தால் இரண்டு ராசிக்கு மேல் தள்ளிப் போகவே போகாது. ஆகவே இரவு பதினொரு மணிக்கு உச்சியில் ஜொலிப்பது வெள்ளியாக இருக்க வழியில்லை. இரண்டும் ஒரே ராசியில் என்று போட்டிருந்தால் வானத்திலும் அருகருகே இருக்கும். 2025 ஆகஸ்ட் 12 விடியற்காலையில் மிதுனத்தில் இரண்டும் ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியில் நின்றன. ‘குரு வக்ரம்’ (பின்னோக்கி நகர்வதுபோல் தெரியும் காலம்) என்று போட்டிருக்கும் மாதங்களில் வியாழன் நமக்கு அருகில் வந்து பளிச்சென்று இருக்கும். செவ்வாய்க்கும் இது பொருந்தும். ‘சுக்கிர மௌட்யம்’ என்றால் வெள்ளி சூரியனின் வெளிச்சத்தில் மூழ்கிவிட்டது, அன்றைக்குத் தேடிப் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. பஞ்சாங்கத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணக்கு முறைகள் உண்டு. வானம் பார்க்கத் திருக்கணிதத்தையே எடுங்கள். சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச். ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம்! கோயில் வழிபாடு வாக்கியப்படி நடப்பது வேறு விஷயம். தொலைநோக்கியில் தெரியும் சனியின் இடத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம்தான்.

ஆக, முதல் வெளிச்சத்துக்குப் பஞ்சாங்கம் போதும். இரண்டாவதற்கு அது ஒன்றும் செய்யாது. அங்கே செயலிதான் வெல்கிறது, அதிலும் எல்லாச் செயலியும் இல்லை. கைபேசியை வானத்தை நோக்கிப் பிடித்தால் பெயர் காட்டும் ஸ்டெல்லேரியம், ஸ்கை மேப் போன்றவற்றில் ஒரு பொறி இருக்கிறது. அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அவை சொல்லும், நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பதை அல்ல. ஸ்வாதிப் பக்கமாக ஒரு விமானம் போனால் திரை ‘ஸ்வாதி’ என்றே காட்டும். கைபேசி உறையில் காந்தம் இருந்தாலோ, காருக்குள் உட்கார்ந்து பார்த்தாலோ திசைகாட்டி பிசகி, பக்கத்து நட்சத்திரத்தின் பெயர் வந்துவிடும். வெளியே வந்து, கைபேசியை எட்டு போலச் சுழற்றி, நிலாவை வைத்துச் சரிபார்த்துக்கொண்டால் நம்பலாம்.

நகரும் புள்ளிக்கு ஹெவன்ஸ் அபவ் சிறந்தது. சேலத்தை இடமாகக் கொடுத்தால் சர்வதேச விண்வெளி நிலையம் எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் வரும் என்று சொல்லிவிடும். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. நம் வானத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். சிமிட்டாது, சத்தம் வராது, எப்போதும் மேற்குப் பாதியிலிருந்து கிழக்கு நோக்கியே போகும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் நடுவானிலேயே மங்கி மறையும். பலரைத் திகைக்க வைப்பது இந்த மறைவுதான். வரிசையாக ரயில் பெட்டிபோல் போனால் அது ஸ்டார்லிங்க் என்ற இணையச் செயற்கைக்கோள் கூட்டம். 2019 மே மாதத்தில் முதல் அறுபது ஏவப்பட்டதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது, ஏவிய சில நாட்களுக்கு நன்றாகத் தெரியும். சிமிட்டினால் விமானம். ஃப்ளைட்ரேடாரைத் திறந்தால் எங்கிருந்து எங்கே போகிறது என்பதே வந்துவிடும். நம்மை நோக்கி நேராக வரும் விமானம் சில நிமிடம் அசையாமல் நிற்பதுபோல் ஏமாற்றும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பைனாகுலர் நல்ல துணை, ஆனால் முதல் கருவி அல்ல. 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மி.மீ.) ஒன்றை மாடிச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் பக்கத்தில் நிலாக்கள் சிறு புள்ளிகளாக வரிசையில் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டவை அவை. அது தெரிந்துவிட்டால் வாதமே முடிந்தது. பைனாகுலர் இல்லாதவர்கள் கைபேசிக் கேமராவை முழு ஜூமில் வைப்பதுதான் மோசமான வழி. குவியம் தவறினால் வெள்ளிகூட ஓரம் துடிக்கும் தட்டாகப் பதிவாகும். ‘பறக்கும் தட்டு’ என்று சுற்றும் பல காணொளிகளில் இருப்பது இந்தக் குவியக் கோளாறு.

மூன்றாவது வெளிச்சத்துக்கு இந்தக் கருவிகளால் அதிகப் பயனில்லை. பைனாகுலர் கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான். உதவுவது ஊர் நிலம் தெரிந்திருப்பது. இருட்டில் மலையும் வானமும் ஒன்றாகிவிடும். அப்போது ஏற்காடு சாலையில் ஒரு வண்டி வளைவில் திரும்பும்போது அதன் முகப்பு விளக்கு ஒரு கணம் ஊரை நோக்கி அடித்துவிட்டு மறையும். அடுத்த வளைவில் இன்னும் உயரத்தில் எரியும். புதிதாகக் குடிவந்தவருக்கு அது வானத்தில் தாவும் ஒளி. மாசி, பங்குனியில் சரிவில் காய்ந்த புல் பற்றினால் ஆரஞ்சு நிறக் கோடாகத் தெரியும். அது தெரிந்தால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்வது முக்கியம். ஐயம் இருந்தால் திசையைச் சுவரில் கோடு போட்டுக் குறித்துவைத்து, மறுநாள் பகலில் அதே இடத்திலிருந்து பாருங்கள். சாலையோ வீடோ கோபுரமோ அங்கே இருக்கும்.

இத்தனைக்கும் பிடிபடாத ஒன்றைக் கண்டால் நேரம், திசை, கைமுட்டிக் கணக்கில் உயரம், எத்தனை நொடி தெரிந்தது, நிறம், சத்தம் ஆகியவற்றை அப்போதே எழுதிவையுங்கள். 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் மக்கள் கண்ட தீக்கோடுகள் விண்கல்போல ஓரிரு நொடியில் முடியவில்லை, மெதுவாக, துண்டு துண்டாகப் போயின. சந்திரபூர் மாவட்டத்தில் உலோக வளையம் ஒன்றும் விழுந்தது. பாதையையும் நேரத்தையும் ஒப்பிட்டபோது சீன ராக்கெட்டின் கழன்ற அடுக்கோடு அது பொருந்தியது. நேரக் குறிப்பு இல்லையென்றால் அப்படி ஒப்பிடவே முடியாது.

கடைசியாக இடம். கோள்களுக்காக மட்டும் ஏற்காடு ஏறத் தேவையில்லை. வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி நான்கும் நகர வெளிச்சத்தைத் தாண்டி சேலம் ஐந்து ரோடு பகுதி மாடியிலேயே தெரியும், மலையில் மூடுபனி வந்தால் இவைகூடப் போய்விடும். மங்கலான செயற்கைக்கோள்களையும் பால்வெளியையும் பார்க்க மலை மேல். கிழக்கே எழுவதைக் காணப் பகோடா பாயிண்ட் பக்கம், மேற்கே சாய்வதற்கு லேடிஸ் சீட் பக்கம். லேடிஸ் சீட்டில் சேலத்தின் விளக்குகள் கீழ்வானைக் கொஞ்சம் விழுங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு, அமாவாசையை ஒட்டிப் போங்கள்.