பெரியவர்களுக்காக வீட்டில் ஒரு கார்னிவல்: வாடகைக்கு எடுத்த கடைகளும் ஆட்டங்களும் எப்படி இருந்தன?

பொருட்காட்சியில் காணும் தின்பண்டக் கடைகளையும் ஆட்டங்களையும் வீட்டுக்கே கொண்டுவந்து ஒரு மாலைப்பொழுது முழுவதும் நடத்தித் தரும் வாடகைச் சேவைகள் சென்னையில் இப்போது பல இருக்கின்றன. அவர்களுடைய விலைப்பட்டியலைப் பார்த்தால், எல்லாமே குழந்தைகளின் பிறந்தநாளை எண்ணி அமைக்கப்பட்டிருப்பது தெரியும். என் அண்ணனின் 50ஆம் பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அத்தகைய கார்னிவல் ஒன்றை நடத்த ஒரு சேவையை அமர்த்தினோம். வந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். அண்ணனின் கல்லூரித் தோழர்கள், அலுவலக நண்பர்கள், உறவினர் என எல்லோரும் பெரியவர்கள். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை. எந்த நிறுவனத்தை அமர்த்தினாலும் பெரியவர்களுக்கான விழாவில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதே என் அக்கறை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆட்டங்களுக்கும் அவற்றை நடத்த வந்த ஆட்களுக்கும் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும், அலங்காரத்துக்குக் கொடுத்த தொகை அவ்வாறில்லை.

இந்தச் சேவையில் மிகச் சிறந்தது ஜவ்வு மிட்டாய்க்காரர். விலைப்பட்டியலின் கடைசி வரியில், கிட்டத்தட்ட ஒரு கூடுதல் வசதியைப் போல, அவரைக் குறிப்பிட்டிருந்தார்கள். உயரமான மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மை, அதன் கீழே கழியைச் சுற்றி அப்பியிருக்கும் மிட்டாய் என்று, நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் பள்ளிக்கூட வாசலை நினைவூட்டும் அதே கோலத்தில் அவர் வந்தார். மிட்டாயை இழுத்து, முறுக்கி, கைக்கடிகாரமாகவும் மோதிரமாகவும் தேளாகவும் மயிலாகவும் அவர் செய்து தருவதை வங்கி மேலாளரும் மருத்துவரும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். கைக்கடிகாரம் கட்டிவிடும்போது ஒவ்வொருவரிடமும் ஊர் எது, தொழில் என்ன என்று அவர் விசாரித்தார். அந்த ஒரு நிமிடப் பேச்சில்தான் ஒருவரையொருவர் அறியாத விருந்தினர்கள் பக்கத்தில் நின்றவரோடு பேசத் தொடங்கினார்கள். குழந்தைகள் கூடும் இடத்தில் அறிமுகம் தேவையில்லை, ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வார்கள். பெரியவர்களோ தமக்குத் தெரிந்தவர்களோடு மட்டும் ஒரு மூலையில் நின்றுவிடுவார்கள். அவர்களை அங்கிருந்து நகர்த்துவதற்குத் தொழில் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். வெறும் இயந்திரமும் பலகையும் அந்த வேலையைச் செய்யமாட்டா.

ஆட்டங்களில் வளையம் எறிதல், டப்பா அடித்தல், பலூன் குறிபார்த்தல் ஆகிய மூன்றைத் தேர்ந்தெடுத்திருந்தோம். வளையம் எறிதலை நடத்தியவர் பொருட்காட்சிகளில் பல ஆண்டுகள் கடை போட்ட அனுபவம் உள்ளவர் என்பது அவர் கோடு கிழித்த விதத்திலேயே தெரிந்தது. முதலில் குழந்தைகளுக்கு வைக்கும் தொலைவில் கோடு போட்டார். முதல் நான்கு பேரும் எளிதாக வென்றுவிட்டதைக் கண்டதும், எவரும் சொல்லாமலேயே கோட்டை இரண்டடி பின்னுக்குத் தள்ளி, பெரிய வளையங்களை எடுத்து வைத்துவிட்டுச் சிறிய வளையங்களைக் கொடுத்தார். பொருள் நிற்கும் மரக்கட்டையைவிடச் சற்றே பெரிதான வளையம் ஏறக்குறைய தட்டையாக வந்து விழுந்தால்தான் கட்டை முழுவதையும் சூழும்; சாய்ந்து வந்தால் ஒரு முனையில் முட்டித் துள்ளிவிடும். ஆகவே மணிக்கட்டைத் திருப்பி வளையத்தைச் சுழலவிட்டு எறிய வேண்டும் என்று அவரே கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கும்போதுதான் பெரியவர்கள் திரும்பத் திரும்ப வந்து ஆடுகிறார்கள் என்பதை அன்று கண்கூடாகப் பார்த்தேன்.

டப்பா அடித்தலும் அவ்வாறே. மூன்று, இரண்டு, ஒன்று என அடுக்கிய ஆறு தகர டப்பாக்களை மூன்று துணிப்பந்துகளால் முழுவதும் சரிக்க வேண்டும். உச்சியைக் குறிவைத்தால் ஒன்றிரண்டுதான் விழும். கீழ் வரிசையில் நடு டப்பாவுக்கும் அதன் பக்கத்து டப்பாவுக்கும் இடையே அடித்தால் அடுக்கே குலையும். நேர்மையற்ற கடைகளில் கீழ் வரிசை டப்பா ஒன்றில் மட்டும் கனம் ஏற்றி வைப்பதுண்டு. எங்களுக்கு வந்தவர் ஆடுவதற்கு முன் டப்பாக்களைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னார். தோற்றவர்களுக்கும் மனக்குறை இல்லாமல் போனதற்கு அந்த வெளிப்படைத்தன்மையே காரணம்.

பலூன் குறிபார்த்தலுக்குக் கடற்கரையில் இருப்பதுபோன்ற காற்றுத் துப்பாக்கியைத் தருவதாகச் சொன்னார்கள். நாற்பது பேர் நடமாடும் மாடியில் அது வேண்டாம் என்று மறுத்து, கையால் எறியும் சிறிய ஈட்டிகளை (டார்ட்) கேட்டோம். பலூன் பலகைக்குப் பின்னால் கனமான படுதா கட்டி, இருபக்கமும் கயிறு இழுத்து வழியை மறித்திருந்தார்கள். இதை அவர்களாகவே செய்தது பாராட்டுக்குரியது. பணம் வைத்து ஆடும் நாணயம் உருட்டும் பலகையையும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதை நீக்கிவிட்டு, ஒவ்வொரு விருந்தினருக்கும் வாசலிலேயே ஒரே எண்ணிக்கையில் அட்டை வில்லைகளைக் கொடுத்தோம். பரிசுகளாகச் சாவிக்கொத்து, பம்பரம், எவர்சில்வர் கிண்ணம், சிறிய பீங்கான் குவளை போன்றவற்றை வைத்தோம். இந்தக் கிண்ணங்களுக்கு இருந்த போட்டியைப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பரிசு மறுநாள் வீட்டில் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும் என்ற என் அத்தையின் ஆலோசனை எத்தனை சரியானது என்று புரிந்தது.

பஞ்சு மிட்டாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரோடமைன் பி என்ற சாயம் கலந்திருப்பது சோதனையில் தெரியவந்ததை அடுத்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. துணிக்கும் தோல் பொருட்களுக்கும் ஏற்றும் அந்தச் சாயம் உண்ணத்தக்கதன்று. ஆகவே இயந்திரத்தை மட்டும் வாடகைக்குக் கேட்டோம். எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்த வெள்ளைச் சர்க்கரையைத் தவிர வேறெதுவும் அதற்குள் போகக்கூடாது என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட்டோம். அதை அவர்கள் தயக்கமின்றி ஏற்றார்கள். வண்ணப் பொடியைத் தாங்கள் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார்கள். வெண்ணிறப் பஞ்சு மிட்டாய் பார்ப்பதற்கு மங்கலாக இருக்கும் என்று அஞ்சியவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். சீரியல் விளக்கின் ஒளியில் அது மிக அழகாகவே இருந்தது.

இந்த இயந்திரத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1897இல் இதை உருவாக்கிய இருவரில் வில்லியம் மோரிசன் ஒரு பல் மருத்துவர். மற்றவரான ஜான் வார்ட்டன் இனிப்புத் தயாரிப்பாளர். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் இது பெரும் கூட்டத்தை ஈர்த்தது. உருகிய சர்க்கரை சுழலும் கிண்ணத்தின் நுண்துளைகள் வழியே வெளியே வீசப்பட்டு, காற்றில் பட்டவுடன் இழையாக இறுகும் அதே முறைதான் இன்றும் தொடர்கிறது. சர்க்கரை இழை காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும் என்பதால், கடலோர நகரத்தில் சுற்றிய சில நிமிடங்களிலேயே அது சுருங்கி ஒட்டத் தொடங்குகிறது. எங்கள் மாடியில் மாலைக் கடற்காற்று வேறு இழைகளைப் பறக்கவிட்டது. இயந்திரத்தை நடத்திய இளைஞர் அதை மாடிப்படி அறைக்குள் நகர்த்தி, கேட்பவருக்கு மட்டும் அவ்வப்போது சுற்றிக் கொடுத்தார். முன்கூட்டியே பல குச்சிகளைச் சுற்றி வைத்துவிடும் வழக்கமுள்ள சேவைகளை இந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்க்கலாம்.

பாப்கார்ன் இயந்திரம் நன்றாக இயங்கியது. அதன் மணமே கீழ்த்தளம் வரை வந்து விருந்தினரை வரவேற்றது. ஆனால் மின்சாரத்தைப் பற்றி இந்த நிறுவனம் ஒரு கேள்விகூடக் கேட்காததுதான் என் மிகப் பெரிய குறை. இவ்வகைப் பாப்கார்ன் இயந்திரம் ஏறத்தாழ 1,400 வாட்டும், பஞ்சு மிட்டாய் இயந்திரம் சுமார் 1,000 வாட்டும் எடுக்கும். வீடுகளில் பொதுவாக உள்ள 6 ஆம்பியர் பிளக்கோ 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். அவர்கள் கொண்டுவந்த ஒரே நீட்டிப்புப் பெட்டியில் இரண்டையும் சேர்த்துச் செருக முனைந்தார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் அப்போது மாடியில் இருந்ததால் அதைத் தடுத்து, குளிர்சாதனத்துக்கென இருந்த 16 ஆம்பியர் இணைப்பிலிருந்து தடித்த கம்பியில் ஒன்றுக்கும், வேறொரு சுற்றிலிருந்து மற்றொன்றுக்கும் தனித்தனியே மின்சாரம் கொடுத்தார். வெப்பமூட்டும் கருவிகளை வாடகைக்கு விடும் எவரும் முகவரியைக் கேட்பதற்கு முன்பே பிளக்கின் திறனைக் கேட்க வேண்டும். இது வசதியைப் பற்றிய பேச்சன்று, தீயைப் பற்றியது.

இரண்டு விஷயங்களை முழுவதுமாக மறுத்துவிட்டோம். ஒன்று, திரவ நைட்ரஜனில் தோய்த்துத் தரும் புகை பிஸ்கட். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. அது முழுவதும் ஆவியாகும் முன் வாய்க்குள் போனால் உள்ளுறுப்புகளைச் சிதைத்துவிடும். நேரடியாக உண்ணும் பண்டங்களில் அதைப் பயன்படுத்தக் கூடாதென்று தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை 2024இலேயே அறிவுறுத்தியும் பட்டியலில் அது இன்னும் இருப்பதை நான் கண்டிக்கிறேன். மற்றொன்று, கிளி ஜோசியம். பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அதைச் சொன்னதும், கிளி இல்லாமல் விருந்தினரே சீட்டை எடுத்துப் படிக்கும் ஏற்பாட்டுக்கு அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அண்ணனின் நண்பர்களே அவரவர் கல்லூரி நாட்களை வைத்து அந்தச் சீட்டுகளை எழுதித் தந்தார்கள். மாலையின் பெருஞ்சிரிப்பு அந்த மேசையைச் சுற்றித்தான் இருந்தது.

அலங்காரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிவப்பு வெள்ளைப் படுதா சுத்தமாக இருந்தது. பலூன் வளைவில் பாதி, வெயிலில் விருந்துக்கு முன்பே வெடித்துவிட்டது. படம் எடுத்துக்கொள்ளும் அட்டைச் சட்டத்தின் பக்கம் எவரும் போகவில்லை. உருவத்தைக் கோணலாக்கும் கண்ணாடிகள் மட்டும் விதிவிலக்கு: வெளிப்புறம் வளைந்த கண்ணாடி உடலை ஒடுக்கியும் உட்புறம் வளைந்தது அகட்டியும் காட்ட, அறுபதைக் கடந்த பெரியப்பா வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார். வளைவையும் அட்டைச் சட்டத்தையும் விட்டுவிட்டு அந்தத் தொகையில் இன்னொரு கண்ணாடியைக் கேட்டிருந்தால் நிறைவாக இருந்திருக்கும்.

உணவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலும், மிளகாய்ப் பொடி தூவிய டெல்லி அப்பளமும், கோலி சோடாவும் அவர்களே தந்தவை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர் இருந்த கூட்டத்தில் முதலில் தீர்ந்தது சுண்டல்தான். பெரியவர்களுக்கான விழாவில் இனிப்பைக் குறைத்து உப்பும் காரமும் உள்ளவற்றைக் கூட்டச் சொல்லுங்கள். பட்டியல் அதற்கு நேர்மாறாகவே இருக்கும். நாற்காலிகளையும் தனியே கேட்டு வாங்குங்கள். எங்கள் தொகுப்பில் ஒன்றுகூட இல்லாததால் கடைசி நேரத்தில் தெருமுனை ஷாமியானா கடையிலிருந்து வரவழைக்க நேர்ந்தது.

ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும் என்ற விதியை நினைவூட்டத் தேவையில்லாமல், அவர்களே 9.45க்கு அணைத்துவிட்டார்கள். மாடியைப் பெருக்கி, சர்க்கரை சிந்திய இடத்தை வெந்நீரால் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்; வைப்புத்தொகையும் மறுநாள் முழுமையாகத் திரும்பி வந்தது. மின்சாரப் பிரச்சினைக்காகக் குறைத்து, ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். தேதி குறிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தீவுத்திடலில் பொருட்காட்சி நடக்கும் மாதங்களில் ஜவ்வு மிட்டாய்க்காரரும் வளையம் எறிதல்காரரும் அங்கே போய்விடுவார்கள் என்றும், அப்போது அனுபவமில்லாத இளைஞர்களையே அனுப்ப முடியும் என்றும் நிறுவனத்தாரே எங்களிடம் சொன்னார்கள்.