கிவாவில் 25 டாலர்: நீண்ட நாள் போட்டு எடுத்தால் தெரியவருவது

பல நாட்டு எளியவர்களுக்கு நம் பணத்தைச் சிறு கடனாகப் போட வழிசெய்யும் கிவா என்ற இணையதளத்தில் புதிதாக நுழைபவர்கள் முதலில் படங்களைத்தான் புரட்டுவார்கள். பிலிப்பைன்ஸில் சாரி-சாரி எனப்படும் பெட்டிக்கடை நடத்தும் பெண், கென்யாவில் மக்காச்சோளம் போடும் விவசாயி என்று வரிசையாக வரும். மனதுக்குப் பிடித்த முகத்துக்கு 25 டாலர் போட்டுவிடுவார்கள். அதுதான் வழக்கமான தொகை. சில சுற்று போட்டு எடுத்த பிறகுதான் முகத்தைவிட அந்தப் பக்கத்தில் கீழே இருக்கும் பங்காளி நிறுவனத்தின் பெயர் முக்கியம் என்பது புரியும்.

பணம் போகும் வழி அப்படி. 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கிவா, பெரும்பாலான நாடுகளில் யார் கையிலும் நேராகக் கடன் கொடுப்பதில்லை. உள்ளூர் நுண்கடன் நிறுவனம் கடனைக் கொடுத்து, படம் எடுத்து, விவரம் எழுதி அனுப்புகிறது. அந்தப் படம் நம் கண்ணில் படும்போது பெரும்பாலும் அந்தப் பெண் பணம் வாங்கிச் சரக்கும் போட்டிருப்பார். நம் 25 டாலர் போவது நிறுவனத்தின் கல்லாவுக்கு. 2009-ல் பொருளியலாளர் டேவிட் ரூட்மன் இதை விரிவாக எழுதிய பிறகு கிவா தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். மழைக்கு முன் விதை வாங்க வேண்டியவரை, தளத்தில் பணம் சேரும்வரை ஒரு மாதம் காக்க வைப்பது அதைவிடக் கொடுமை. ஆனால் "இவருக்கு நான்தான் கொடுத்தேன்" என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

அடுத்தது வட்டி. நமக்கு வட்டி கிடையாது. கடன் வாங்கியவர் கட்டுகிறார். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் போவது சாதாரணம். 300 டாலர் கடனை வசூலிக்க ஓர் ஊழியர் வாராவாரம் பைக்கில் கிராமம் போய்வர ஆகும் செலவு, 30,000 டாலர் கடனுக்கு ஆவதைவிட அவ்வளவு ஒன்றும் குறைவில்லை. பங்காளியின் பக்கத்தில் "கடன் வாங்குபவருக்கு ஆகும் சராசரிச் செலவு" என்று ஒரு எண் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். விவரத்தில் ஃப்ளாட் வட்டி 20% என்று இருந்தால் ஏமாற வேண்டாம்: 12 சம மாதத் தவணையில் அடைக்கும் கடனுக்கு அது உண்மையில் சுமார் 35%. அசல் குறையக் குறைய வட்டி குறையாததால் வரும் வித்தியாசம் இது. பக்கத்திலேயே லாப விகிதம், தாமத விகிதம், வாராக்கடன் விகிதம், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் இருக்கும். வட்டியும் அதிகம், லாபமும் அதிகம் என்றால் அந்த நிறுவனத்துக்கு இலவசப் பணம் நம்மிடமிருந்து போக வேண்டியதில்லை.

வாராக்கடன் பூஜ்யம் என்று இருந்தால் எல்லாரும் ஒழுங்காகக் கட்டினார்கள் என்று அர்த்தமில்லை. குழுக் கடன் படத்தில் ஏழெட்டுப் பெண்கள் நிற்பார்கள், ஒருவர் மட்டும் கையைத் தூக்கியிருப்பார்: பக்கம் அவர் பெயரில். அவர் தவணை தவறினால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். நம்மூர் சுயஉதவிக்குழு தெரிந்தவர்களுக்கு அந்த நெருக்கடியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சில நிறுவனங்கள் தாங்களே கைக்காசு போட்டுச் சரிக்கட்டுவதும் உண்டு.

பணம் குறைந்து திரும்ப இன்னொரு காரணம் நாணய மதிப்பு. உள்ளூர் நாணயம் சரிந்தால் முதல் 10 சதவீதத்தைப் பங்காளி ஏற்கும். அதற்கு மேல் நம் தலையில். 25 சதவீதம் சரிந்தால் 2.50 டாலர் தவணை சுமார் 2.12-ஆக வரும். 2022-ல் இலங்கை ரூபாய் ஒரு டாலருக்கு 200-லிருந்து 360-க்குப் போனதை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் எடை புரியும். இந்த நட்டத்தையே பங்காளி முழுதும் ஏற்கும் கடன்களும் உண்டு. கடன் பக்கத்தில் எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

திருப்பிச் செலுத்தும் அட்டவணையையும் பாருங்கள். மாதத் தவணை என்றால் சில்லறை சில்லறையாக வந்து, 25 சேர்ந்ததும் அடுத்த கடனுக்குப் போடலாம். விவசாயக் கடன் அறுவடைக்குப் பிறகு மொத்தமாக வரும். நடுவில் மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லையே என்று பதற வேண்டாம். அமெரிக்கச் சிறுதொழில் கடன்கள் தனி ரகம்: 15,000 டாலர் வரை, வட்டியில்லை, பணம் நேராகவே போகிறது. திரும்பி வரும் விகிதம் மட்டும் மற்றவற்றைவிடக் குறைவு.

பணம் கட்டும் பக்கத்தில் கிவாவுக்கென்று ஒரு நன்கொடைத் தொகை முன்கூட்டியே நிரப்பியிருக்கும். வேண்டாமென்றால் பூஜ்யமாக்கலாம். கடன் தொகையில் கிவா கை வைப்பதில்லை.

சரி, இதனால் வறுமை குறைகிறதா? 2015-ல் ஹைதராபாத், மொராக்கோ, மங்கோலியா உட்பட ஆறு இடங்களின் ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. நுண்கடன் சிலருக்குத் தொழிலை விரிக்க உதவியது. சராசரி வருமானத்தைத் தூக்கிவிடவில்லை. அதனால் நான் கடைக்கு மேலும் சரக்கு வாங்கும் கடனைவிடக் கழிப்பறை, குடிநீர் இணைப்பு, விதை-உரக் கடன்களுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்வேன். பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் இயங்கும் என்.டபிள்யூ.டி.எஃப் என்ற நுண்கடன் நிறுவனம் கழிப்பறைக் கடன் தருகிறது. கென்யாவின் ஒன் ஏக்கர் ஃபண்ட் பணத்துக்குப் பதில் விதையும் உரமுமாகவே கொடுத்து, வசதிப்படிக் கட்டவும் விடுகிறது. கம்போடியாவில் நிலப் பட்டாவை அடகு வைத்து நுண்கடன் வாங்கி நிலத்தை இழந்தவர்கள் பற்றிய புகார்கள் பல வந்திருப்பதால், அந்த நாட்டுக் கடன் என்றால் ஈடு என்ன கேட்கிறார்கள் என்று பார்க்காமல் போட வேண்டாம்.

தானாகக் கடன் கொடுக்கும் வசதியை இயக்கியிருந்தால், பேபால் வழியாகப் பணத்தை எடுக்க நினைக்கும் நாளுக்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வந்த தொகை அடுத்த கடனுக்குப் போய்விட்டிருக்கும், அது வரும்வரை இன்னொரு சுற்று காத்திருக்க வேண்டியதுதான்.