பிரிஸ்டல்ல பேங்க்ஸி பாக்கப் போனோம், டிக்கெட்டே இல்லாம

பேங்க்ஸினா யாருன்னே காட்டிக்காம தெருச் சுவத்துல படம் வரையற இங்கிலாந்து ஆர்ட்டிஸ்ட். போன வருஷம் அவரு பேர்ல நடந்த ஒரு எக்ஸிபிஷனுக்கு (பேர் வேணாம் விடுங்க) குடும்பத்தோட போய் மொய் எழுதிட்டு வந்தோம், உள்ள போனா எல்லாம் பிரிண்டும் செட் போட்ட சுவரும்தான், அவரோட பர்மிஷனும் கிடையாதாம். 2018ல 10 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போன தன் படத்தை அங்கயே பாதி கிழிச்சுவிட்டவரு, கிழிஞ்ச அதே படம் 2021ல 1.85 கோடி பவுண்டுக்குப் போச்சு, அவரை வச்சு காசு பாக்குறவங்களை அவராலயே நிறுத்த முடியல, நாம எந்த மூலைக்கு. அந்தக் கடுப்புல இந்தத் தடவை அவர் வரைய ஆரம்பிச்ச ஊரான பிரிஸ்டலுக்கே ரயில் ஏறிட்டோம். காசு குடுத்தா கைடு வருவாரு, நாங்க எடுக்கல, போன் மேப்பே போதும்.

முதல்ல பார்க் ஸ்ட்ரீட் பாலத்து மேல நின்னு பாருங்க. 2006ல வரைஞ்சது. ஜன்னல் விளிம்பை ஒத்தக் கையால பிடிச்சுத் தொங்குற அம்மணக் கள்ளக்காதலன், மேல கோட்டு போட்ட புருஷன் வேற பக்கம் பாத்து தேடிட்டிருக்கான், பின்னாடி பொண்டாட்டி. சும்மா ஜோக்குனு நினைப்பீங்க, ஆனா அந்தக் கட்டடத்துல அப்போ இருந்தது பாலியல் நோய் கிளினிக், கவுன்சில் ஆபீஸும் பக்கத்துலயே, அதான் குசும்பு. அழிக்கலாமானு கவுன்சில் ஜனங்களையே கேட்டுச்சு, வேணாம்னுட்டாங்க. 2009ல எவனோ அடிச்ச பெயிண்ட்பால் நீலத் திட்டு இன்னும் இருக்கு, என் பையன் அதையும் படத்துல ஒரு பார்ட்டுனே நினைச்சுட்டான்.

ஸ்டோக்ஸ் கிராஃப்ட் தெருவுல இருக்கிறது 1999ல வரைஞ்சது, ஸ்டென்சில் (வெட்டின அச்சு அட்டை) இல்லாம கையால அடிச்சது. டெடி பேர் ஒண்ணு பெட்ரோல் குண்டை ஓங்கிட்டு நிக்குது, எதிர்ல கேடயத்தோட மூணு போலீஸ்.

எனக்குப் பிடிச்சது ஹார்பர் பக்கம் 2014ல வரைஞ்சதுதான். பழைய டச்சு ஓவியர் வெர்மீரோட முத்துக்கம்மல் பொண்ணு, ஆனா கம்மல் எடத்துல சுவத்துல ஏற்கனவே மாட்டியிருந்த அலாரம் பெட்டி. திருடனுக்குப் பயந்து வச்ச பெட்டியே அவளுக்கு நகை!

எம் ஷெட் மியூசியமும் ஃப்ரீ, திங்கள் லீவு. தெக்லாங்கிற கப்பல்ல தண்ணி மட்டத்துல படகு ஓட்டுற எமனை வரைஞ்சிருந்தாரு, அதை 2014ல இரும்போட வெட்டி எடுத்து இங்க வச்சிட்டாங்க. கிட்டப் போய் பாக்கலாம், அது சரி, ஆனா தண்ணி இல்லாத எமன் பஸ்ஸுக்கு வெயிட் பண்ற மாதிரி இருக்காரு.

பார்க் ஸ்ட்ரீட் ஏத்தம் முட்டியைப் பதம் பாக்கும், வயசானவங்களோட போறவங்க அதைக் காலைலயே முடிச்சிடுங்க.