பிச்சோலாவா, வேம்பநாடா? ஏரிக்கரை விடுதியால் ஊருக்கு என்ன மிச்சம்

ஏரிக்கரைச் சொகுசு விடுதிகளை ஒப்பிடும் கட்டுரைகள் அறை வாடகை, ஜன்னல் காட்சி, காலை உணவு என்று மதிப்பெண் போட்டுவிட்டு முடிந்துவிடும். அந்த விடுதி நிற்கும் ஊருக்கு அதனால் என்ன வரவு, என்ன செலவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இங்கே அதை மட்டும் பார்க்கலாம். எடுத்துக்கொண்டவை இரண்டு: உதய்ப்பூரில் பிச்சோலா ஏரியின் நடுவே நிற்கும் தாஜ் லேக் பேலஸ், கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலின் கரையில் குமரகத்தில் இருக்கும் கோகனட் லகூன். பேரிலும் வாடகையிலும் முதலாவது எங்கேயோ இருக்கிறது. ஊர்க்கணக்கில் என் ஓட்டு குமரகத்துக்குத்தான். ஆனால் அந்தப் பெருமையில் பாதிகூட விடுதியைச் சேராது.

முதலில் உதய்ப்பூர். மகாராணா இரண்டாம் ஜகத் சிங் 1743 முதல் 1746 வரை கட்டிய கோடை மாளிகை ஜக் நிவாஸ்தான் இன்றைய லேக் பேலஸ். சமஸ்தானங்கள் போன பிறகு அரச குடும்பங்களிடம் மாளிகைகள் இருந்தன, அவற்றைப் பராமரிக்கும் வருமானம் இல்லை. மகாராணா பகவத் சிங் 1963-ல் இதை ஹோட்டலாக்கினார். 1971-ல் நிர்வாகம் தாஜ் கைக்குப் போனது. இதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. ஏரியில் புதிதாக ஒரு அடிகூட நிரப்பவில்லை, ஏற்கெனவே இருந்த கட்டடம் இடிந்து விழாமல் நின்றது. அரண்மனையை விடுதியாக்கி வாழவைக்கும் வழிக்கு ராஜஸ்தானில் இது முன்னோடிகளில் ஒன்று.

ஊருக்கு என்ன கிடைத்தது என்றால், ஒரு முகம் கிடைத்தது. ஏரிக்கரையின் லால் காட் பக்கத்துத் தங்கும் விடுதிகள் விற்பது அந்த வெள்ளை மாளிகை தெரியும் மொட்டைமாடியைத்தான். அங்கே படமாக்கிய ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தைப் பல ஆண்டுகள் இரவுதோறும் போட்டுக்காட்டியே வாடிக்கையாளர்களைப் பிடித்த உணவகங்கள் உண்டு. இது சின்ன வரவு இல்லை. அறைக்கு லட்சம் கொடுக்க முடியாதவர் அதே காட்சியைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்கலாம், அந்தக் காசு உள்ளூர்க் குடும்பத்துக்குப் போகும்.

ஆனால் அதோடு சரி. உதய்ப்பூர்க்காரருக்கு அது பார்க்கிற பொருள்தான், காலடி வைக்கிற இடம் இல்லை. விடுதிப் படகு விருந்தினரை மட்டும்தான் ஏற்றும். அதே ஏரியில் இருக்கும் ஜக் மந்திருக்குப் படகுச்சீட்டு எடுத்து யாரும் போய்வரலாம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இளவரசராக இருந்தபோது ஷாஜகான் அடைக்கலம் புகுந்த தீவு அது.

தண்ணீர் விஷயத்தில் நெருடல் இன்னும் கூடுதல். பிச்சோலா வெறும் அழகு ஏரி இல்லை, நகரத்தின் குடிநீருக்கும் அதுதான் ஆதாரங்களில் ஒன்று. விடுதிக்கு ஏரி எப்போதும் ததும்பி நிற்க வேண்டும், ஊருக்கோ அதிலிருந்து இறைத்துக் குடிக்க வேண்டும். 2000-களின் தொடக்கத்து வறட்சியில் ஏரி காய்ந்தபோது மாளிகை வெடித்த மண்ணின் நடுவே நின்றது, விருந்தினர்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள். கரையோரக் கழிவுநீர் ஏரியில் கலப்பதை எதிர்த்து ஆண்டுக்கணக்காகக் கத்தியவர்கள் ஜீல் சம்ரக்ஷண் சமிதி (ஏரிப் பாதுகாப்புக் குழு) போன்ற உள்ளூர் அமைப்பினர். அந்தக் கழிவில் அந்த மொட்டைமாடி விடுதிகளின் பங்கும் இருந்தது. ஆக, வரவு கொண்டுவந்த கூட்டமே செலவையும் கொண்டுவந்தது.

இனி குமரகம். கோட்டயத்துக்கு மேற்கே, காயலை வெட்டி நிரப்பி உண்டாக்கிய ஊர். பேக்கர் என்ற வெள்ளைக்காரக் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே தோட்டம் போட்டது. அந்தப் பங்களா இருக்கும் வளாகத்தில் இப்போது தாஜ் விடுதியே ஒன்று நடக்கிறது. கோகனட் லகூன் 1993-ல் வந்தது. கொச்சியின் கேசினோ குழுமம், இன்றைய சிஜிஎச் எர்த், கேரளத்தின் பழைய தரவாட்டு (கூட்டுக்குடும்ப) வீடுகளை விலைக்கு வாங்கி, மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து, பழைய தச்சர்களை வைத்தே மறுபடி பூட்டியது. இங்கேயும் படகில்தான் போய் இறங்க வேண்டும். புல்வெளியில் மேய்வது வெச்சூர்ப் பசுக்கள். பக்கத்து ஊரான வெச்சூரின் குட்டை இனம் அது, 1980-களின் இறுதியில் கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. விருந்தினர் படமெடுக்கத்தானே என்று கேட்கலாம். இருக்கட்டும், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பதில் மாடு மேய்வதில் யாருக்கு நட்டம்?

ஆனால் உதய்ப்பூரை விடக் குமரகத்தை மேலே வைக்க எனக்கு இதெல்லாம் காரணம் இல்லை. ஒன்றின் வெற்றியைப் பார்த்து விடுதிகள் அடுத்தடுத்து முளைத்தபோது, காயலுக்குப் போகும் வழி அடைபட்டது, வேலைக்கு வெளியூர் ஆட்கள், காய்கறிக்கு வெளியூர் லாரி என்று ஊர் கொதித்தது. அந்தக் கோபத்தை அடக்காமல், 2008-ல் பஞ்சாயத்து, கேரளச் சுற்றுலாத் துறை, குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள், விடுதிகள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்தன. பொறுப்புச் சுற்றுலா என்று பெயர் வைத்தார்கள். சாரம் ஒன்றுதான்: விடுதிச் சமையலறைக்குத் தேவையானதில் முடிந்ததை ஊரிலேயே விளைவித்துக் கொடுப்பது.

சொல்வது சுலபம். ஹோட்டல் சமையல்காரருக்கு ஒரே அளவில், ஒரே தரத்தில், தினமும் காலையில் சரக்கு வந்தாக வேண்டும். வீட்டுக்கொல்லையில் விளையும் வெண்டைக்காய்க்கு அந்த ஒழுங்கு தெரியாது. ஆரம்பத்தில் சரக்கு ஒருநாள் குவியும், மறுநாள் இருக்காது. விலையிலும் இழுபறி. அதற்காக விலை நிர்ணயக் குழு ஒன்று, தரம் பார்க்கும் குழு ஒன்று என்று வைத்தார்கள். சமிருத்தி என்ற பெயரில் பெண்கள் நடத்திய கடை, வீடுவீடாகச் சேரும் சரக்கை வாங்கி விடுதிகளுக்கு அனுப்பியது. தரிசாகக் கிடந்த நிலத்தில் மறுபடி பயிர் வந்தது. அப்புறம் கயிறு திரிப்பது, பாய் முடைவது, கள் இறக்குவது என்று ஊர் வேலைகளைக் காட்டும் சுற்றுலாக்கள் வந்தன. அதில் வீட்டுக்காரருக்கு நேராகக் காசு. இந்த முயற்சிக்கு ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருதும் கிடைத்தது.

உதய்ப்பூரில் ஊர் விடுதியைப் பார்த்துப் பிழைக்கிறது, குமரகத்தில் விடுதியிடம் ஊர் விலை பேசுகிறது. எனக்கு முக்கியமாகத் தோன்றும் வித்தியாசம் அதுதான். விடுதி முதலாளி நல்லவரா என்பது இரண்டாவது கேள்வி.

குமரகத்தில் எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். காயலோரத் தாழ்நிலமான குட்டநாட்டின் நெல்லுக்காக, காயலின் குறுக்கே 1970-களில் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பின் ஷட்டர்களை, உப்புநீர் ஏறாமலிருக்க மழை ஓய்ந்த வறண்ட மாதங்களில் மூடிவிடுகிறார்கள். காயல் ஓட்டமில்லாமல் தேங்குகிறது. சுற்றுலாச் சீசனில் பெரும்பகுதியும் அந்த மாதங்கள்தான், படகு வீடுகளின் கழிவும் அப்போதுதான் அதிகம். இதில் அடிபடுவது கரிமீன் பிடிப்பவரும் மட்டி அள்ளுபவரும். 2002-லேயே ராம்சர் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட காயல் இது. மளிகைக்கடை உறவை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் இந்தக் கணக்கு அதில் தீராது.

இதே காயலில் மூன்றாவது ஒரு வழியும் நடந்து பார்க்கப்பட்டது. ஆலப்புழை மாவட்டத்தின் நெடியதுருத்துத் தீவில் 54 வில்லாக்களுடன் காப்பிகோ ரிசார்ட் எழுந்தது. வலை கட்டும் இடம் போகிறது என்று மீனவர்கள் நீதிமன்றம் போனார்கள். கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியது என்று 2013-ல் கேரள உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கொச்சிப் பக்கம் மரடில் இதே விதியை மீறிய அடுக்குமாடிகளை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கியதற்கு முந்தின நாள். நாடே அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இது பலர் கண்ணில் படவில்லை. 2022 செப்டம்பரில்தான் இடிப்பு தொடங்கியது.

போகிறவர்களுக்கு என் யோசனை: உதய்ப்பூரில் கையில் காசு இருந்தாலும் கங்கௌர் காட் பக்கம் உள்ளூர்க்காரர் நடத்தும் பழைய ஹவேலி (பெரிய முற்றத்து வீடு) ஒன்றில் தங்கி, ஜக் மந்திருக்குப் படகேறுங்கள், மாளிகை அங்கிருந்தே நன்றாகத் தெரியும். குமரகத்தில் விடுதியிலேயே தங்கலாம். அறை பதிவு செய்யும்போது காய்கறியும் மீனும் யாரிடம் வாங்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உடனே பதில் சொல்லும் விடுதியை எடுங்கள், மழுப்பினால் அடுத்ததற்குப் போன் போடுங்கள்.